பாதிப் படமும் பீங்கான் மூட்டும்

எக்ஸ்ரே எடுக்கப் படிக்கிற பிள்ளைகளே, போன மாதம் உங்கள் எக்ஸ்ரே அறைக்கு வந்திருந்தேன். குளிரூட்டி, கணினி, சுவரில் பெரிய திரை என்று எல்லாம் நல்ல வடிவாக இருந்தது. உங்களில் ஒரு பிள்ளை ஓர் இடுப்புப் படத்தைத் திரையில் வைத்து, விரலால் ஓரங்களைத் தள்ளித் தள்ளி, நோகிற பக்கத்தை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டினாள். "ஏய், வெட்டாதை!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். அவள் வெலவெலத்துப் போனாள். கிழவிக்கு என்ன பிடித்தது என்று மற்றவர்கள் ஆளையாள் பார்த்தீர்கள். காரணத்தை அன்றைக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும் என்று பயம். எழுதும்போது அழுதால் ஒருவருக்கும் தெரியாதுதானே, அதுதான் எழுதுகிறேன்.

இது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கதை. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடமே இன்று இல்லை, தேடிப் போகாதீர்கள். குடாநாட்டில் கரண்ட் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலையில் ஒரு மணி நேரம் ஜெனரேற்றர் ஓடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரையும் எடுத்து முடிக்க வேண்டும். எண்ணெய் தட்டுப்பாடு, பிலிம் அதைவிடத் தட்டுப்பாடு. அதனால் பெரிய பிலிமை இருட்டறைக்குள் வைத்து வெட்டுவோம். காலுக்குப் பாதி, கைக்குக் கால்வாசி. இருட்டில் தடவிப் பார்த்தே மயிரிழை பிசகாமல் வெட்டுவேன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஒரு பிலிமில் நாலு பேரைப் பார்த்தேன் என்று வீட்டுக்குப் போய்ப் பெருமை பேசியிருக்கிறேன்.

பெருமை கேட்க வீட்டில் ஆள் இருந்ததா என்றால், அம்மா மட்டும்தான். என்னுடைய கணவருக்குக் கொழும்பில் வேலை. சண்டையால் பாதை பூட்டியபின் அவர் அங்கே, நான் இங்கே. இரவில் அலுமாரியைத் திறந்து அவருடைய சேட்டு ஒன்றை எடுத்து மணந்து பார்ப்பேன். எத்தனையோ தரம் தோய்த்து மடித்த சேட்டு, அதில் ஒரு மணமும் இல்லை. இருந்தாலும் மணப்பேன். இதை ஏன் சொல்லுகிறேன் என்பது போகப் போக விளங்கும்.

அந்த நாட்களில் எங்களிடம் அடிக்கடி வருகிற ஒருவர் அருளப்பு அண்ணை. குருநகர் ஆள். கடற்றொழில் செய்த குடும்பம், பிறகு வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போனவர். கப்பலில் விழுந்து இடுப்பு மூட்டு நொறுங்கி, ஜேர்மனியில் ஒரு துறைமுகத்தில் இறக்கி, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் செயற்கை மூட்டு வைத்து அனுப்பினார்கள். தொடை எலும்புக்குள் இறங்குகிற தண்டு உலோகம். மேலே இருக்கிற உருண்டையும், அது சுழலுகிற கிண்ணமும் பீங்கான். இது தெரிய வந்த நாளிலிருந்து குருநகரில் அவருக்குப் 'பீங்கான் அருளப்பு' என்று பட்டம்.

"மிஸி, நான் விழுந்து உடைஞ்சால் நீங்கள் படம் எடுத்து மினைக்கெடத் தேவையில்லை. விளக்குமாத்தாலை கூட்டி அள்ளினால் காணும்," என்பார். நான் நேர்ஸ் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் எல்லாருமே எங்கள் சனத்துக்கு மிஸிதான்.

அந்த மூட்டோடு அவருக்குப் பெரிய கரைச்சல் இருக்கவில்லை. நிலத்தில் குந்த முடியாது, மீன்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்துதான் வலை பொத்துவார். குதிக்கவும் கூடாது. ஆனால் குண்டு போடப் பொம்மர் வந்தால் பங்கர் குழிக்குள் குதிக்காமல் என்ன செய்வது? "குதிக்காதை, குந்தாதை எண்டு அந்த வெள்ளைக்காரன் வடிவாய் எழுதித் தந்தவன். மேலை சுத்துறவனுக்கும் ஒரு கொப்பி அனுப்பியிருக்கலாம்," என்று அதற்கும் ஒரு பகிடி விடுவார்.

ஒரு புதன்கிழமை காலை டொக்டரின் துண்டுச் சீட்டோடு வந்து நின்றார். தலை இழுத்து, சேட்டெல்லாம் ஸ்திரி போட்டு, மாப்பிள்ளை கணக்காக இருந்தார்.

"என்ன அண்ணை, கலியாணமே?"

"அப்பிடித்தான் வையுங்கோ. குடாநாட்டை விட்டுப் போகப் பாஸ் கிடைச்சிட்டுது. வெள்ளிக்கிழமை போறன், மனுசியட்டை."

மனைவி திரேசம்மாவும் மகள் ஜெசிந்தாவும் வவுனியாவில் ஓர் அகதி முகாமில் இருந்தார்கள். தொண்ணூறில் குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபோது இரண்டு பேரையும் முன்னுக்கு அனுப்பினவர் இவர்தான். "வள்ளத்தை ஒரு பாதுகாப்பான இடத்திலை விட்டிட்டு ரெண்டு கிழமையிலை வாறன் எண்டு சொல்லிப்போட்டு நிண்டனான் மிஸி. ரெண்டு வருசமாச்சு. பிள்ளைக்கு அப்ப நாலு வயது. இப்ப என்ரை போட்டோவைக் கொஞ்சிப்போட்டுத்தான் படுக்குமாம். அப்பா எண்டால் கடுதாசியிலை இருக்கிற ஆள் எண்டு நினைச்சிருக்குது போலை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடக்க வேண்டும். ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் சேற்றிலும் தண்ணீரிலும் நடக்க வேண்டும். பிறகு வன்னிக்குள் எத்தனையோ மைல். இடுப்பு தாங்குமா என்று பார்த்துச் சொல்லத்தான் டொக்டர் படம் கேட்டிருந்தார். மேசையில் படுக்கப் போனவர் நின்று, "மிஸி, ஒரு சத்தம் கேக்குது," என்றார்.

"என்ன சத்தம்?"

"போன மாதத்திலை இருந்து. நடக்கேக்கை கிறீச், கிறீச் எண்டு. பீங்கானிலை பீங்கான் உரசிற மாதிரி."

"எங்கை, நடந்து காட்டுங்கோ பாப்பம்."

அறைக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேற்றர் போட்ட கத்தலில் எனக்கு அவருடைய பேச்சே அரைவாசிதான் கேட்டது. "எனக்கொண்டும் கேக்கேல்லை. உங்கடை செருப்பாயிருக்கும்," என்றேன்.

"செருப்பைக் கழட்டினாலும் கேக்குது."

"அப்ப துளி எண்ணெய் விட்டு அனுப்பிறன்." இருவரும் சிரித்தோம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். உள்ளே மூட்டு வைத்த ஆளை எடுப்பதென்றால் முழு பிலிமில் இரண்டு இடுப்பும் தெரிய முன்னாலிருந்து ஒன்று, பிறகு பக்கவாட்டில் ஒன்று. படிக்கும்போது முதல் வருடத்திலேயே சொல்லித் தந்தது. எனக்குத் தெரியாததில்லை. நான் அன்று ஒரு பிலிமைப் பாதியாக வெட்டி, நோகிற பக்கத்தை மட்டும், முன்னாலிருந்து மட்டும் எடுத்தேன். மற்றப் பாதியைக் கறுப்புக் கடுதாசியில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

கழுவி எடுத்த படத்தில் உருண்டை உருண்டையாகவே இருந்தது. ஈரம் காயுமுன்பே டொக்டரிடம் ஓடினேன். சுன்னாகத்திலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் சைக்கிளில் வருகிற எலும்பு டொக்டர். படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. பக்கப்படம் எங்கை?"

"பிலிம் தட்டுப்பாடு டொக்டர்."

"ஆள் ஏதும் சொன்னவரோ?"

"பெரிசா ஒண்டும் இல்லை."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, "சரி, போகட்டும்," என்றார். நான் திரும்பி ஓடிப் போய், "போகலாமாம் அண்ணை!" என்று சொன்னபோது அந்த மனிதரின் முகம் இருந்த இருப்பை நான் இன்னும் மறக்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

லாச்சியில் வைத்த பாதிக்கு வந்தது மறுநாள் ஒரு வாத்தியாரின் மணிக்கட்டு. சைக்கிளில் இருந்து விழுந்தவர். படத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான் மிச்சம் பிடித்த பிலிம் அப்படித்தான் செலவாயிற்று.

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு உழவு இயந்திரம் வந்து நின்றது. பெட்டியில் வைக்கோலுக்கு மேல் அருளப்பு அண்ணை. சேறு காய்ந்து இடுப்புவரை ஒட்டியிருந்தது. கிளாலிக் கரையில் வள்ளத்துக்கு முப்பது யார் தூரம் இருக்கும்போது, சேற்றில் காலை வைத்து எடுக்க, உள்ளே 'படக்' என்று கேட்டதாம். அதோடு விழுந்தவர் எழும்பவில்லை. வள்ளக்காரர் தாமதிக்க முடியாது. மற்றச் சனத்தைப் போகச் சொல்லி இவரே கை காட்டினாராம்.

"பிள்ளைக்கு வாங்கின சட்டையை மட்டும் ஆக்களிட்டைக் குடுத்துவிட்டனான் மிஸி. சட்டை போயிருக்கும். நான் இஞ்சை கிடக்கிறன்."

ஜெனரேற்றர் அப்போது இன்னும் தொடங்கவில்லை. நாலு பேர் தூக்கி மேசையில் வைக்கும்போது அந்த அமைதியில் எனக்கும் கேட்டது. உடைந்த கோப்பைத் துண்டுகளைச் சாக்கில் போட்டு அசைத்த சத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "இப்ப கேக்குதோ?" என்று கேட்டார்.

அன்றைக்கு வெட்டாத பிலிமில் இரண்டு படம் எடுத்தேன். உருண்டை துண்டு துண்டாகக் கிடந்தது. பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து டொக்டர் கனநேரம் பார்த்தார். "முதலே பின்பக்கத்தாலை ஒரு சில்லு கழண்டிருக்க வேணும். முன்னாலை பாத்தால் தெரியாது. பக்கத்தாலை எடுத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்," என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. லாச்சியில் பாதி பிலிம் இருந்ததையும், சத்தம் கேட்கிறது என்று அவர் சொன்னதையும், அதை நான் பகிடியாக்கியதையும் கொட்டிவிட்டேன்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"அவர் போக வேணும் எண்டு ஆசைப்பட்டன் டொக்டர்."

ஏசப்போகிறார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும்தான். அதாலைதான் உம்மை நான் ரெண்டாம் தரம் கேக்கேல்லை," என்றார்.

பிள்ளைகளே, பிலிமை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிழை விட்டேன் என்றுதான் மற்றவர்களிடம் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். அது முழு உண்மை இல்லை. இன்னொரு படம் எடுத்தால் போகக் கூடாது என்று வந்துவிடுமோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. கொழும்பில் இருந்த என்னுடைய ஆளை நினைத்துக்கொண்டுதான் அவருடைய இடுப்பைப் பார்த்தேன். நாங்கள் காண விரும்புகிறதை மட்டும் காட்டுகிற படம் ஒன்று எப்போதும் கையில் கிடைக்கும். அது கிடைத்ததும் சந்தோசம் வந்தால், உடனே அடுத்த படத்தை எடுங்கள்.

அடுத்த பிரச்சினை பெரிது. பீங்கான் மூட்டு குடாநாட்டில் எங்கும் வாங்க முடியாது. தியேட்டர் அலுமாரியில் யாரோ எப்போதோ அனுப்பிவைத்த உலோக மூட்டு ஒன்று மட்டும் இருந்தது. அது அருளப்பு அண்ணையின் காதுக்கும் எட்டிவிட்டது.

"டொக்டர், அந்த இரும்பைப் போட்டு விடுங்கோ. மூண்டு நாள் நடந்தால் காணும். போய்ச் சேர்ந்திட்டன் எண்டால் பிறகு எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை."

டொக்டர் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். "துண்டுகளை நான் பொறுக்கி எடுப்பன். ஆனால் பீங்கான் அரைபட்ட தூள் சதைக்குள்ளை போயிருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுக்க வராது. அதுக்குள்ளை உலோகத்தை வைச்சால் தூள் அதை அராவும். அராவின தூள் எலும்பைத் தின்னும். மூண்டு நாள் நடப்பியள்தான். ஒரு வருசத்திலை காலையே எடுக்க வேண்டி வந்தால் அங்கை ஆர் இருக்கினம்?"

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"எல்லாத்தையும் எடுத்துப்போட்டு வெறுமையாய் விடப்போறன். கால் கட்டையாகும். ரெண்டு ஊண்டுகோல் வேணும். ஆனால் அது சாகும்வரைக்கும் உங்கடை கால்."

"எப்ப நான் போகலாம்?"

"ஆறேழு மாதம் செல்லும்."

அருளப்பு அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே வந்ததும் நான் டொக்டரைப் பிடித்தேன். உலோகத்தை வையுங்கள், அந்த ஆள் கேட்கிறாரே, பாவம் என்று அழுதேன். கத்தத் தெரியாத மனிதர் அன்று கத்தினார்.

"உமக்கு மனச்சாட்சி குத்துது எண்டதுக்காக அந்தாளின்ரை இடுப்புக்குள்ளை இரும்பை வைக்கச் சொல்லுறீரே? ஒருக்கா ஆசைப்பட்டு அனுப்பினம், காணாதே?"

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கல் நெஞ்சுக்காரன் என்று மனதுக்குள் திட்டினேன். அவர் செய்ததுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கனகாலம் எடுத்தது.

ஒப்பரேஷன் முடிந்து ஒரு கிழமையால் அருளப்பு அண்ணையிடமும் போய் உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் விடு என்று என்னுடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் புத்தி சொன்னார்கள். அவர் முழுக்கக் கேட்டார். "போங்கோ மிஸி. என்னோடை கதைக்க வேண்டாம்," என்றார். அந்தப் பகிடிக்கார மனிதர் இரண்டு மாதம் எனக்கு முகம் தரவில்லை. தினமும் வாட்டுப் பக்கம் போவேன், அவர் கண்ணை மூடிக்கொள்ளுவார். மன்னிப்புக் கேட்டால் மற்றவர் மன்னித்தே ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள், பிள்ளைகளே. கேட்க வேண்டியது எங்கள் கடமை. மிச்சம் அவர்களுடைய விருப்பம்.

பிறகு ஊன்றுகோலில் நடக்கப் பழகத் தொடங்கினார். விறாந்தையின் அந்தத் தலைப்பில் இருந்து என் அறை வாசல்வரை வருவார், திரும்புவார். விழுவார், எழும்புவார், மாதாவைக் கூப்பிடுவார், அடுத்த மூச்சில் தூசணமும் வரும். ஒருநாள் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். நான் தலை நிமிரவில்லை.

"சத்தம் கேக்குதோ மிஸி?"

"இல்லை அண்ணை," என்றேன்.

"எனக்கும் கேக்கேல்லை. சத்தம் இல்லாமல் நடக்கிறது என்னவோ பேய் நடக்கிற மாதிரிக் கிடக்கு." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு இருட்டறைக்குள் போய் அழுதேன். அழுவதற்கு அதைவிட நல்ல இடம் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை.

சைக்கிள் ரயரை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, கட்டைக் காலுக்கு ஒரு உயரமான செருப்புச் செய்வித்தோம். ஏழாம் மாதம் திரும்பவும் பாஸ் எடுத்துப் புறப்பட்டார். இந்த முறை முழு பிலிமில் இரண்டு படம் எடுத்து, டொக்டரும் நானும் ஒன்றாக நின்று பார்த்துத்தான் அனுப்பினோம்.

"போய்ச் சேர்ந்ததை எப்பிடி அண்ணை நான் அறியிறது?"

"ஆரிட்டையும் சொல்லி அனுப்புவன். இல்லாட்டி என்ன, உங்களுக்குத்தான் உள்ளுக்கை பாக்கிற கண் இருக்கே."

அதற்குப் பிறகு நான் காத்திருந்த காத்திருப்பை என்னவென்று சொல்ல? கடலேரியில் வள்ளங்களைச் சுட்டார்கள் என்று கேள்விப்படாத கிழமை இல்லை. அந்தப் பக்கத்தால் வருகிறவர் யாரைக் கண்டாலும், ரெண்டு ஊண்டுகோலோடை, ஒரு கால் செருப்பு உயரமாய் ஒரு ஆளைக் கண்டனீங்களோ என்று கேட்பேன். கண்டதில்லை என்பார்கள். கணவரிடமிருந்து கடிதம் வரவில்லை என்பதைவிட அருளப்பு அண்ணையிடமிருந்து ஒரு சொல் வரவில்லை என்பதுதான் என்னைத் தின்றது. விறாந்தையில் யாராவது ஊன்றுகோல் ஊன்றினால் எழும்பி வாசலுக்கு வந்துவிடுவேன்.

பத்து மாதம் போனபின் வவுனியாவில் இருந்து சாமான் கொண்டுவந்த ஒரு வியாபாரி, பேப்பரில் சுற்றிய ஒரு குழலை என் மேசையில் வைத்தார். "எக்ஸ்ரே மிஸியிட்டைக் குடுக்கச் சொன்னவை."

விரித்தால் இரண்டு பெரிய பிலிம். வெட்டாத முழு பிலிம். யன்னலுக்கு ஓடினேன். முதலாவது பக்கப்படம். இரண்டாவது முன்னாலிருந்து எடுத்தது. ஒரு பக்கம் கடவுள் கொடுத்த மூட்டு, மறுபக்கம் டொக்டர் வெறுமையாக விட்ட இடம். தொடை எலும்பு மேலே ஏறி நல்லபடி நிலைத்திருந்தது. அவருடைய இடுப்பேதான், எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும்.

பிறகுதான் படத்தின் ஓரத்தில் வெள்ளையாய் ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. எந்த விசரன் படம் எடுக்கேக்கை இன்னொரு ஆளை உள்ளை விட்டவன்? கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு கை. சின்னக் கை. அவர் இடுப்பில் கட்டிய சாறத்தைக் கொத்தாகப் பிடித்தது போல மடங்கியிருந்த ஐந்து விரல் எலும்பு. மணிக்கட்டு எலும்புகள் வயதோடு ஒவ்வொன்றாக முளைத்து வருகிறவை என்று உங்களுக்குத் தெரியும்தானே. எண்ணினேன். ஏழு இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் கை.

பக்கப்படத்தின் மூலையில் ஒரு கடுதாசித் துண்டு ஒட்டியிருந்தது. "மிஸி, ரெண்டு பக்கமும் எடுத்திருக்கு, வடிவாய்ப் பாருங்கோ. பிள்ளையை வெளியிலை நிக்கச் சொல்லி படம் எடுத்தவர் கெஞ்சினார், ஏசினார், கடைசியிலை ஈயக் கவசத்தை அவளுக்குப் போட்டுவிட்டு எடுத்தவர். அவள் கையை விடேல்லை."

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தபோது, உடுப்புகளுக்கு நடுவில் அந்த இரண்டு படத்தையும் மடியாமல் வைத்துக் கொண்டுபோனேன். அடுத்த வருடம் கொழும்பில் என்னுடைய ஆளைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அருளப்பு அண்ணை குடும்பத்தைப் பற்றிப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. எங்கே இருக்கிறார்களோ என்று இன்றைக்கும் மனம் கிடந்து தவிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயதை நெருங்கும்.

படங்கள் மஞ்சள் பூத்துவிட்டன. அந்தச் சின்னக் கை மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வவுனியாவில் படம் எடுத்த அந்த முகம் தெரியாத மனிதர் என்னைப்போல் மிச்சம் பிடிக்கிறவராக இருந்து, நோகிற இடத்தை மட்டும் எடுத்து ஓரத்தை வெட்டியிருந்தால், எனக்கு வந்து சேர்ந்திருப்பது வெறும் இடுப்பு எலும்புதான்.